ரூபாய்க்கு மூன்று சதம்

போன வாரம் ஹட்டன் பஸ் நிலையத்தில் வாங்கிய பத்திரிகையில் ஒருவர் எழுதியிருந்தார். வருமான வரியில் இந்தப் படிக்கட்டு முறை ஒழிய வேண்டுமாம். கூடச் சம்பாதிப்பவனிடம் கூடிய வீதத்தில் வாங்குவது உழைப்புக்கு விதிக்கும் தண்டனையாம். எல்லோருக்கும் ஒரே வீதம் என்பதுதான் நியாயமாம். அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறைக்குத் தாளை முகத்துக்கு நெருக்கிப் பிடித்தேன். பக்கத்தில் நின்றவர், "என்னாங்க மாஸ்டர், யாரும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். நான் மரண அறிவித்தல் பார்ப்பதாக நினைத்துவிட்டார்.

வருமான வரி கட்டும் அளவுக்கு நான் ஒரு நாளும் சம்பாதித்ததில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படிப்பிக்கிறவன். மனைவி கொழுந்து எடுக்கிறாள். குடியுரிமை பறிக்கப்பட்ட எங்களுக்கு இந்த நாட்டில் வாக்கு இல்லை. எங்களைக் கேட்டு யாரும் வரி போடப் போவதும் இல்லை. இருந்தாலும் அந்தக் கட்டுரையின் ஒவ்வொரு வரியும் எனக்குப் பழக்கமானது. நான்கு வருஷங்களுக்கு முன்னால் அதே வாதத்தை நல்ல தமிழில், என் கைப்பட, ஒரு முழுத்தாளில் எழுதியவன் நான். அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

எங்கள் தோட்டம் றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே மூன்று மைல். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் வரி எடுப்பார்கள். சம்பள நாளன்று ஆபீசிலேயே பிடித்துவிடுவார்கள். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பேர் பதிந்த தொழிலாளிக்கு ஐம்பது சதம், அதாவது அரை ரூபாய். கங்காணிக்கு இரண்டு ரூபாய், எனக்கு மூன்று, கணக்கப்பிள்ளைக்கு ஐந்து. ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையை நடத்தும் டீமேக்கருக்கும் மலைவேலையைக் கவனிக்கும் கண்டக்டருக்கும் பதினைந்து. ஆபீசின் பெரிய கிளாக்கருக்கு இருபத்தைந்து. யார் வைத்த ஏணி என்று தெரியாது. யாரும் அதைப் பற்றி யோசித்ததும் இல்லை.

அந்த வருஷம் பெரிய கிளாக்கருக்கு ஒரு யோசனை வந்தது. ஹட்டனிலிருந்து மைக்செட்டும் லைட்டும் பிடித்துத் திருவிழாவைப் பெரிதாகச் செய்ய வேண்டும், அதற்கு வரி போதாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் பிற்பகல் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசையில் தட்டச்சு செய்த கடிதம் ஒன்று இருந்தது. தோட்டத்தை நடத்தும் துரை ஆங்கிலப் பத்திரிகைக்கு அனுப்பியதாம். அரசாங்கம் வருமான வரியைப் படிப்படியாக ஏற்றித் தன்னைப் போன்றவர்களின் கழுத்தை நெரிக்கிறது, எல்லோருக்கும் ஒரே வீதம் போட்டால் என்ன என்று துரை கேட்டிருந்தார். தட்டச்சு செய்தவர் பெரிய கிளாக்கர். செய்யும்போதே அதில் மயங்கிப்போனார் என்று நினைக்கிறேன்.

"துரை சொல்றதுல என்னா தப்பு, வாத்தியாரே? நானூறு ரூபா எடுக்கிற நானும் ரூபாய்க்கு மூணு சதம். நாப்பது எடுக்கிறவனும் ரூபாய்க்கு மூணு சதம். சாமிக்கு முன்னால ஏத்தத்தாழ்வு எதுக்கு?"

கேட்க அழகாகத்தான் இருந்தது.

"கோயில் கமிட்டிக்கு நீங்கதானே செக்ரட்டரி. தீர்மானத்த நீங்களே எழுதி, நீங்களே வாசிங்க. நான் சொன்னா ஆபீசு சொல்லுதும்பாங்க. நீங்க தொழிலாளி லயத்துல பொறந்தவரு. ஒங்க வாயால வந்தா கேப்பாங்க." பிறகு, நான் கிளம்பும்போது, "மக நல்லாப் படிக்குதாமே. தங்கச்சி கடுதாசி போட்டிருந்திச்சு" என்றார்.

அது வெறும் விசாரிப்பு அல்ல என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். என் மகள் ஹட்டனில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு. தங்கியிருந்தது பெரிய கிளாக்கரின் தங்கை வீட்டில். வாடகை இல்லை. வீட்டு வேலைக்கு ஒத்தாசை செய்துகொண்டு அங்கேயே சாப்பிட்டுப் படித்தாள். எங்கள் தோட்டத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் பன்னிரண்டு வயதில் கூடை தூக்கினார்கள். அவளுக்கும் கூடை வந்துவிடுமோ என்ற பயம் என் நெஞ்சில் எந்நேரமும் கிடந்தது, இப்போதும் கிடக்கிறது. அவள் படிப்பு அந்த வீட்டின் ஒரு மூலையில் விரித்த பாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

எழுதினேன். 'அன்னையின் சந்நிதியில் அனைவரும் சமம்' என்று தொடங்கி, 'ஒரே வீதம், ஒரே நீதி' என்று முடித்தேன். எழுதும்போது அதை நம்பவும் செய்தேன். என் பங்கைக் கணக்குப் பார்த்தேன்: எனக்குத் தொண்ணூறு ரூபாய் சம்பளம், மூன்று ரூபாய் வரி இரண்டு எழுபதாகக் குறைகிறது. மாதம் நாற்பத்தைந்து எடுக்கும் மனைவியின் பங்கைப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை. கணக்குப் படிப்பிக்கிறவன் செய்யக்கூடிய தவறா அது?

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் தகரக் கொட்டகையில் கூட்டம். முன்னால் நீள மர வாங்கில் ஐயாமார் உட்கார்ந்திருந்தார்கள். கீழே சாக்குப் படங்கு விரித்து ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் நின்று தீர்மானத்தை வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன். பெரிய கிளாக்கர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். வாசித்து முடித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. என் மனைவிக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறவள். வாய்க்குப் பேர்போனவள்.

"மாஸ்டர், தமிழெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு எத்தன வரும்? அதச் சொல்லுங்க."

"போன மாசம் எவ்வளவு எடுத்தீங்க?"

"நாப்பத்தஞ்சு."

"ஒரு ரூபா முப்பத்தஞ்சு சதம்."

"முந்தி அம்பது சதந்தானே?"

"ஆமாங்க."

கொட்டகையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவர் எழுந்தார். "எங்க வீட்ல நான், சம்சாரம், மவன் மூணு பேரு பதிஞ்சிருக்கோம். மொத்தமா நூத்தி முப்பத்தஞ்சு வந்திச்சு. எங்களுக்கு?"

"நாலு ரூபா அஞ்சு சதம்."

"ஒன்னரைதானே குடுத்துக்கிட்டிருந்தோம்!"

அதன் பிறகு நிற்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து சம்பளத்தைச் சொன்னார்கள். நான் வாயாலேயே பெருக்கிச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் வாய்பாடு கேட்பதுபோல் இருந்தது. ஆனால் இங்கே கேட்டவர்கள் அவர்கள், ஒப்புவித்தவன் நான். ஒவ்வொரு விடைக்கும் என் குரல் சிறுத்துக்கொண்டே போனது. கொழுந்து மடுவத்தில் நிறை பார்க்க நிற்கும் வரிசை அப்படியே கோயிலுக்குள் வந்துவிட்டது போலிருந்தது. ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போடும் ஆள், "மாஸ்டர், எனக்குச் சொல்லாதீங்க. கேட்டா இங்கேயே சாமி வந்துரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெரிய கிளாக்கர் சிரிக்கவில்லை.

முதலில் கேட்டவள் மறுபடியும் எழுந்தாள். "பெரியையாவுக்கு எத்தன வரும், மாஸ்டர்?"

"அது ஒனக்கு எதுக்கு?" என்றார் பெரிய கிளாக்கர்.

"ஒரே கணக்குன்னு வாசிச்சாங்களே. அந்த ஒரே கணக்குல ஐயாவும் இருக்கீங்கதானே?"

"வாத்தியாரே, ஒக்காருங்க. கேள்வி போதும்."

நான் உட்காரவில்லை. உட்கார முடியவில்லை என்பதுதான் சரி. நானூறு என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார். விடை என் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் ஹட்டனில் ஒரு பாய் சுருட்டப்படும் என்பதும் தெரிந்தது. மனைவியைப் பார்த்தேன். அவள் படங்கின் ஓரத்தை விரலால் பிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேருக்கும் அவர்கள் பங்கைச் சொல்லிவிட்டு ஒருவருக்கு மட்டும் சொல்லாமல் விட்டால் நான் சொன்னது கணக்கே அல்ல.

"பன்னெண்டு ரூபா" என்றேன்.

"முந்தி?"

"இருவத்தஞ்சு."

பெரிய கிளாக்கர் எழுந்து நின்று, சிரித்த முகத்தோடு, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: "நீங்களே சொல்லுங்க வாத்தியாரே. பன்னெண்டு ரூபா பெருசா, ஒன்னு முப்பத்தஞ்சு பெருசா? யாரு கூடக் குடுக்குறது?"

அந்தக் கேள்விதான் எனக்கு வாயைத் திறந்துவிட்டது. "குடுக்குறத மட்டும் பாத்தா பன்னெண்டு பெருசுங்க, ஐயா. குடுத்ததுக்குப் பொறகு மிஞ்சுறதப் பாக்கணும். ஐயா பன்னெண்டு குடுத்தா வீட்டுல ஒன்னும் கொறையாது. இந்தம்மா ஒன்னு முப்பத்தஞ்சு குடுத்தா அந்த வாரம் கருவாடும் மண்ணெண்ணெயும் கொறையும். ஒரே வீதந்தான். ஆனா ஒரே பாரம் இல்லீங்க."

"இப்பத்தான் ஒங்க கையால எழுதி வாசிச்சீங்க!"

"தப்பா எழுதிட்டேங்க."

இப்படிச் சபையில் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதோடு நிறுத்தவில்லை. செக்ரட்டரி என்ற முறையில் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. திருவிழாவின் கடைசி நாள் பூசை முடிந்ததும் காளாஞ்சி கொடுப்பார்கள்: தட்டில் தேங்காய்மூடி, பழம், வெற்றிலை, விபூதி. வரிசைப்படி பேர் வாசிப்பவன் நான். பெரிய கிளாக்கருக்கு முதல் காளாஞ்சி, பிறகு டீமேக்கர், கண்டக்டர், கணக்கப்பிள்ளை, நான், கங்காணிமார் என்று வரி ஏணியின் உச்சியிலிருந்து இறங்கி வரும். வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் தொழிலாளிகளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் விபூதியோடு முடியும். வரியை மாற்றக் கிளம்பியவர்கள் இதை மறந்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் முதல் காளாஞ்சிக்காக அண்ணன் தம்பி பேசாமல் இருந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அதை மறந்தது பெரிய அதிசயம்.

"இன்னொன்னுங்க, ஐயா" என்றேன். "காளாஞ்சி வரிசைய நான் வரிக் கணக்கப் பாத்துத்தான் எழுதுறேன். கூடக் குடுக்குறவங்களுக்கு மொதல்ல. இனிமே எல்லாருக்கும் ஒரே வீதம்னா சாமிக்கு முன்னால எல்லாரும் ஒன்னு. தீர்மானத்துலயே இருக்கு. அப்ப காளாஞ்சிய ஒன்னாம் நம்பர் லயத்துலேருந்து வாசிச்சுக்கிட்டு வாறேன். ஐயாமாரு பங்களாவெல்லாம் கடைசியில வரும்."

விறகுக்காரர் முதலில் கைதட்டினார். "ஒன்னாம் நம்பர்ல மொதக் காம்பரா நம்மளுதுதான்! மாலைய ரெடி பண்ணுங்கப்பா!" பிறகு கொட்டகை முழுவதும் ஒரே சத்தம். டீமேக்கர் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். "இந்த வருசம் பழையபடியே இருக்கட்டுமே. என்னாத்துக்கு வீண் பேச்சு" என்றார். வீதம் போனாலும் பரவாயில்லை, தன்னுடைய இரண்டாம் காளாஞ்சி போகக்கூடாது என்ற அவசரம் அவர் முகத்தில் தெரிந்தது. கண்டக்டரும் ஆமாம் என்றார். தீர்மானம் விழுந்தது.

புதன்கிழமை மழை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு பாதை திரும்பும் ஸ்டோர் முடக்குக்கு வந்தேன். பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு தகரப் பெட்டி நடந்து வருவதுபோல் தெரிந்தது. பெட்டிக்குக் கீழே என் மகள். பள்ளிக்கூட உடுப்பு உடம்போடு ஒட்டியிருந்தது. அந்த வீட்டம்மா மத்தியானம் ஸ்டேசனுக்கு ஆளை அனுப்பி வண்டியில் ஏற்றிவிட்டாளாம். றொசல்லயில் இறங்கி, பெட்டியைத் தலையில் வைத்து, மூன்று மைல் தனியாக ஏறி வந்திருக்கிறாள். பன்னிரண்டரை வயது. எங்களுக்குத் தந்தியும் இல்லை, சொல்லியனுப்பவும் இல்லை. அவள் ஸ்டேசனில் இறங்காமல் போயிருந்தால்? பாதையில் மண் சரிந்திருந்தால்? வழியில் யாராவது? நான்கு வருஷமாகியும் மழை நாளில் அந்த முடக்கைக் கடக்கும்போது நின்று கீழ்ப்பாதையைப் பார்க்கிறேன்.

"கால்ல அட்ட ஏறியிருக்குப்பா" என்றாள். நான் அங்கேயே குந்தியிருந்து அட்டைகளைப் பிடுங்கினேன். ஒன்பது.

மறுநாள் ஆபீஸ் பியூன் செய்தி கொண்டுவந்தான். மாஸ்டர் வந்து மன்னிப்புக் கேட்டு, அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை மறுபடியும் வைப்பதாக எழுதிக் கொடுத்தால், பிள்ளை திங்கட்கிழமை ஹட்டனுக்குத் திரும்பலாம்.

மனைவி என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்: "எனக்குக் கூடுற எண்பத்தஞ்சு சதத்துக்காகப் புள்ள படிப்ப விடுறீங்களா?"

"எண்பத்தஞ்சு சதம் ஒனக்கு. தோட்டம் முழுக்க எத்தன வீடு?"

"தோட்டம் முழுக்க எனக்குப் புள்ளைங்க இல்ல. ஒன்னுதான் இருக்கு. அதுக்குக் கூடயக் குடுத்துருவீங்களா? நீங்களே கட்டிவிடுங்க, நான் கட்ட மாட்டேன்."

அவள் சொன்னது பிழை என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன்.

ஆபீசுக்குப் போனேன். போகும்போது மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை. வார்த்தைகளை வாய்க்குள் அடுக்கிக்கொண்டே போனேன். பெரிய கிளாக்கர் என்னை நிற்க வைத்து இரண்டு கடிதம் தட்டச்சு செய்து முடித்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து நான் எழுதிய அதே தாளை எடுத்து வைத்தார். கூட்டத்தில் தோற்றுப்போன தீர்மானத்தை யாரோ எடுத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

"அடியில ஒரு வரி சேத்துக்கங்க. காளாஞ்சி வழக்கம்போலன்னு."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. வரிக்கு எல்லோரும் சமம். காளாஞ்சிக்குப் பழைய ஏணி. கொடுக்கும்போது ஒரே வீதம், வாங்கும்போது படிப்படியாக. அந்த மனிதர் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சிறு வெட்கமும் இல்லை. என் வாயில் அடுக்கிவைத்திருந்த மன்னிப்பு அப்படியே கரைந்துபோயிற்று.

"அந்த ஒரு வரிய என்னால எழுத முடியாதுங்க" என்றேன்.

"புள்ளைய நெனச்சுப் பாத்துக்கங்க."

"நெனச்சுத்தாங்க சொல்றேன். நாளைக்கு அது படிச்சுட்டு வந்து இந்தத் தாள வாசிச்சா, அப்பா எழுத்துன்னு அடையாளம் தெரியும்."

"வேற தோட்டம் பாத்துக்க வேண்டி வரும், வாத்தியாரே."

"பாத்துக்கிறேங்க."

சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வீரன்போல் இறங்கி வந்தேன் என்று நினைக்காதீர்கள். வேலை போனால் நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். எங்கே போவது, யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஒன்றும் தெரியாமல்தான் வந்தேன். அவர் என்னை மாற்றவில்லை. கூட்டம் நடந்த அந்த வாரத்திலேயே மாற்றினால் லயங்கள் சும்மா இருக்குமா என்று யோசித்திருக்கலாம். எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். மூன்றாம் நாள் அவளே கேட்டாள்: "விடியக்கால மேல போற வண்டி றொசல்லயில நிக்குதுதானே?"

நிற்கிறது. றொசல்லக்கு அடுத்து ஹட்டன்தான். அதை நான் யோசிக்காமல் இல்லை. மூன்று மைல் இருட்டில் இறங்கி, சாயங்காலம் மூன்று மைல் ஏறி, பெண்பிள்ளை தினமும் எப்படிப் போய் வருவாள் என்று பயந்து அந்த யோசனையை ஒதுக்கி வைத்திருந்தேன். ஸ்டேசன் மாஸ்டரிடம் போய் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சீசன் டிக்கெட் கேட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளையா என்று கேட்டு, பெரியவர்களுக்குள்ளதை விட மிகக் குறைந்த விலையில் எழுதிக் கொடுத்தார். அதை அநியாயம் என்று சொல்லி, துரைமார் யாரும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியதாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து நான்கு வருஷம். விடியுமுன் நானும் அவளும் டோர்ச் லைட்டோடு இறங்குகிறோம். வண்டி ஏற்றிவிட்டு நான் திரும்பி ஏறி, ஓடி வந்து பள்ளிக்கூடம் திறக்கிறேன். மாலையில் பாதி வழியில் அவள் அம்மா கொழுந்துக் கூடையை மடுவத்தில் போட்டுவிட்டு எதிரே போய் நிற்கிறாள். வண்டி பிந்தும் நாளில் எனக்குச் சோறு இறங்காது. மண் சரிந்தது என்று யாராவது சொன்னால் போதும், ஸ்டேசன் வரை ஓடுவேன். அவளுக்கு என் பயம் எரிச்சலாக இருக்கிறது. "நாளைக்கு நீங்க வராதீங்கப்பா. ஏறுறப்ப ஒங்களுக்குத்தான் மூச்சு வாங்குது. நான் ஒங்களப் பாத்துக்கிட்டுப் போக வேண்டியிருக்கு" என்கிறாள். இந்த டிசம்பரில் சோதனை எழுதுகிறாள். தேறுவாளா என்று கேட்டால், "எழுதிட்டுச் சொல்றேன்" என்கிறாள்.

கோயில் வரி இன்னும் பழைய ஏணியில்தான். பெரிய கிளாக்கருக்கு இருபத்தைந்து ரூபாய், தொழிலாளிக்கு ஐம்பது சதம். முதல் காளாஞ்சிக்கு அவரை நான்தான் கூப்பிடுகிறேன். அவர் என் முகத்தைப் பாராமல் வாங்கிக்கொண்டு போகிறார். அது அவர் காசுக்குக் கிடைத்தது, நன்றாக வாங்கிக்கொள்ளட்டும்.

பத்திரிகைக்காரர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்வேன். ஒரே வீதம் என்று எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். எழுதிவிட்டு ஒரு தகரக் கொட்டகையில் நின்று, கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒவ்வொருவராக, அவர்கள் பங்கு எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் உங்கள் பங்கையும் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் உங்கள் குரல் நடுங்காவிட்டால், நான் வந்து உங்களுக்கு வணக்கம் வைக்கிறேன். விடிகாலை மணி நாலரை ஆகிறது. அவளை எழுப்ப வேண்டும்.